குடியிருந்து கண்டது

அட்டவணை ஒன்றுகூட இல்லாத கட்டுரைகளை ஆராய்ச்சி என்று அச்சிடுகிறீர்களே, இது தகுமா என்று, சென்ற இதழைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நண்பரொருவர் கேட்டார். அப்போது விடை சொல்ல வாய்க்கவில்லை. ஆனால் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து வெஸ்ட் எண்ட் பகுதியின் கதை அன்றிரவு நெடுநேரம் நினைவில் நின்றது.

இத்தாலியக் குடும்பங்கள் மிகுதியாக வாழ்ந்த அப்பகுதியைச் சேரி என்று அதிகாரிகள் தீர்மானித்து, நகரப் புனர்நிர்மாணம் என்ற பெயரால் இடித்துத் தள்ள ஆயத்தமாகிக்கொண்டிருந்த சமயத்தில், 1957 அக்டோபரில், ஹெர்பர்ட் கான்ஸ் என்னும் சமூகவியலாளர் அங்கேயே குடிபுகுந்து ஏறத்தாழ எட்டு மாதம் வசித்தார். வந்த புதிதில் அவர் கண்ணில் பட்டவை பாழடைந்த ஆளற்ற வீடுகளும், புதுமையாகத் தோன்றிய இத்தாலியக் கடைகளுமே. சில வாரங்கள் கழிந்ததும், தெருவில் புழங்குவோரின் பார்வையே தமக்கும் படிந்துபோக, அந்தப் பாழ்வீடுகள் இருப்பதே தோன்றாமற் போயிற்று என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பார்ப்பவனுக்குப் புறம்பாக உண்மை தனித்து நிற்கிறது, அளந்தால் அகப்படும் என்பது ஒரு சித்தாந்தம். வாழ்பவர் அதற்குத் தரும் அர்த்தத்தை அறியாமல் அளவு மட்டும் பேசாது என்பது மற்றொன்று. நாம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறோம். எனினும் பாழ்வீடு கண்ணுக்கு மறைந்தது லாபம் மட்டுமன்று, நஷ்டமுந்தான். அதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டதே கான்ஸின் நேர்மை. (இரண்டு நாள் போய்வந்து, நாலு பேரிடம் பேசிவிட்டு, பண்புசார் ஆய்வு என்று கட்டுரை அனுப்புவோர் இதைச் சற்று யோசிக்கலாம்.)

அவருடைய நூல் 1962இல் வெளிவந்தபோது வெஸ்ட் எண்ட் தரைமட்டமாகியிருந்தது. இடம்பெயர்ந்தோரைத் தேடிச்சென்று பேட்டி கண்ட மார்க் ஃப்ரீட் என்னும் உளவியலாளர், இழந்த வீட்டை எண்ணி, உற்றார் இறந்ததற்கு ஒப்பாக அவர்கள் துக்கங்காப்பதைக் கண்டு, அதையும் எண்ணிக் கணக்கிட்டார்: கடுந்துயரம் காட்டிய பெண்கள் நூற்றுக்கு 46 பேர், ஆண்கள் 38 பேர்.

நண்பர் அடுத்த முறை வரும்போது இந்த அட்டவணையை அவரிடம் காட்டலாம் என்றிருக்கிறோம்.