நகரியிலிருந்து சுகாதாரத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மாண்புமிகு மருத்துவ, சுகாதாரத் துறை அமைச்சர் அவர்கள்,
ஆந்திரப் பிரதேச அரசு, அமராவதி.

ஐயா,

நகரிப் பக்கத்து விசைத்தறித் தெருக்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். தெலுங்கில்தான் எழுதுவேன். திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்தவற்றுக்கும், தங்கள் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியவற்றுக்கும் ரசீது என்னிடம் இருக்கிறது. பதில் இல்லை. ஒரு மனு மட்டும் 'தீர்வு காணப்பட்டது' என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு மூடப்பட்டது. என்ன தீர்வு என்று அதில் ஒரு வரியும் இல்லை. அதனால் இந்த மடலை எங்கள் வீட்டில் பேசும் தமிழில், ஊரார் படிக்கும்படி எழுதுகிறேன்.

மாநிலத்தின் இலவச சிகிச்சைத் திட்டமான என்.டி.ஆர். வைத்திய சேவையின் விதிகள் தாங்கள் அறியாதவை அல்ல. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவர் பெயரை எழுதவில்லை. அவரைத் திருப்பி அனுப்பிய ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் கம்ப்யூட்டர் காட்டியதைத்தான் சொன்னார்கள்.

அவர் திருத்தணிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து நகரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். காலையில் பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவு பக்கம். 1960 ஏப்ரலுக்கு முன்பு திருத்தணியும் சித்தூர் மாவட்டம்தான். எல்லை மாறிய பிறகும் இரண்டு பக்கமும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றதில்லை.

கல்யாணமானதும் தாய்வீட்டு ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அங்கத்திய கார்டில் பெயர் இருக்க வேண்டும். ஆக, அந்தக் கதவு அன்றே அடைபட்டது. இங்கே மாமியார் கார்டில் சேர்க்கப் போனால் வேறு சிக்கல். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல் இருந்தது. கணவர் வீட்டுக் கார்டில் எல்லோர் பெயருக்கும் முன்னால் இன்டிபேரு என்னும் குடும்பப் பெயர் இருந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. அதைச் சரிசெய்துகொண்டு போனபோது வார்டு சச்சிவாலய அலுவலகத்தில் பெயர் சேர்ப்பு விண்ணப்பமே வாங்கவில்லை. 2025 மே மாதம் மறுபடி வாங்கத் தொடங்கிய பிறகு, தாய்வீட்டு நீக்கல் சான்றின் நகல் செல்லாது, புதிதாக வாங்கி வா என்றார்கள்.

இந்த வருஷங்கள் முழுவதும் அவர் வேலையில்தான் இருந்தார். தறி ஷெட்டில் தார் சுற்றும் வேலை. நூல் அறுந்தால் வலது கை ஓடிப்போய் முனையைப் பிடித்து, இரண்டு விரலால் முறுக்கி முடிச்சுப் போடும். மெஷின் நிற்காமல் அதைச் செய்வதில் அவருக்கு ஈடு அந்த ஷெட்டில் யாரும் இல்லை. ஷெட்டில் இருந்தவர்கள் எட்டுப் பேர். இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர் வேண்டும். மாதம் 21,000 ரூபாய் சம்பளம் வரை இ.எஸ்.ஐ. உண்டு என்கிறது சட்டம். அதில் பாதிகூட வாங்காத இந்தப் பெண்ணுக்கு இல்லை, ஏனென்றால் ஷெட் சின்னது.

மூச்சு வாங்குகிறது என்று ஒருநாள் வேலையை விட்டு எழுந்து வந்தார். சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல், இதய வால்வைக் கெடுத்துவிட்டிருக்கிறது. ஒரே அறையில் பலர் நெருக்கிப் படுக்கும் வீடுகளில் அதிகம் வருகிற நோய் அது. அரசு ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. சுருங்கிப்போன வால்வைப் பலூன் விட்டு விரிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லி, அந்தச் சிகிச்சை செய்யும் இடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே திட்டக் கவுன்டரில் இருந்த 'மித்ரா' ஊழியர் ஆதார் எண்ணைத் தட்டினார். "பேரு லேதம்மா", பெயர் இல்லையம்மா என்றார். சொல்லவே கூசியவர்போலச் சொன்னார். காசு கட்டினால் நாளைக்கே செய்யலாம் என்றார்கள். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், செலவு செய்த பில்லைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். பில் வாங்க முதலில் பணம் வேண்டுமே, ஐயா. குழுக்கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தாலியில் இருந்த குண்டுமணித் தங்கமும் அடகுக்கடையில் இருந்தது.

பெயர் சேரட்டும் என்று காத்திருந்தார்கள். காத்திருந்த காலத்தில் ஒரு விடியற்காலையில் அவருக்கு வாய் கோணியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. 108 வந்தது, தூக்கிக்கொண்டு போனது, உயிர் பிழைத்தார். ஆனால் டாக்டர் முன்கூட்டியே சொன்னது அப்படியே நடந்துவிட்டது. அந்தக் கையால் இனி நூல் முடிச்சுப் போட முடியாது.

இதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? சதரம் முகாமுக்குப் போங்கள், ஊனச் சான்றிதழ் வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் பென்ஷன் வரும் என்று சொல்கிறார்கள். வால்வை விரிக்க ஒருமுறை செலவழிக்க மனமில்லாத அரசு, கை போனபின் ஆயுள் முழுக்க மாதாமாதம் கொடுக்க முன்வருகிறது. அந்தப் பென்ஷனுக்கும் கார்டில் பெயர் வேண்டும்.

அமைச்சர் அவர்களே, 2007-ல் இதே திட்டம் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் தொடங்கியபோது இந்த நாட்டுக்கே முன்மாதிரி என்றார்கள். உண்மைதான். எங்கள் தெருவிலேயே அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. பிறகு ஆட்சி மாறும்போதெல்லாம் என்.டி.ஆர். என்றும் ஒய்.எஸ்.ஆர். என்றும் திட்டத்தின் பெயரை மாற்றினீர்கள். 2023 டிசம்பரில் வரம்பு 25 லட்சம் ஆனது. 2025 செப்டம்பரில் அமைச்சரவை கூடி, 1 கோடியே 63 லட்சம் குடும்பங்களுக்கும் காப்பீடு, ஏழை பணக்காரர் வித்தியாசமில்லை என்று முடிவெடுத்தது. வரவேற்கிறேன். ஆனால் குடும்பம் என்று நீங்கள் எண்ணுவது கார்டைத்தான். கார்டில் இல்லாதவர் 25 லட்சத்துக்கும் வெளியே, புதிய காப்பீட்டின் இரண்டரை லட்சத்துக்கும் வெளியே. தொகையை எவ்வளவு ஏற்றினாலும் இந்தப் பெண்ணுக்கு அது பூஜ்யம்தான்.

இவர் ஒருத்தர்தானா என்று கேட்காதீர்கள். திருப்பதி லாட்ஜுகளில் அறை துடைப்பவர்களைக் கேளுங்கள், ஓட்டல் அடுப்படியில் நிற்பவர்களைக் கேளுங்கள். மாம்பழப் பருவத்தில் சித்தூர்க் கூழ் ஃபேக்டரிகளில் பழம் வெட்டுகிறவர்களில், சீசன் முடிந்ததும் எந்தப் பட்டியலிலும் மிஞ்சாதவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். புத்தூர், சத்தியவேடு, பலமனேர் என்று எல்லை ஓரம் முழுவதும் அடுத்த மாநிலத்திலிருந்து வாழவந்த பெண்கள் இருக்கிறார்கள். முதலமைச்சரின் குப்பம் தொகுதி தமிழ்நாட்டையும் தொடுகிறது, கர்நாடகத்தையும் தொடுகிறது. அங்கே கேட்டால் அவருக்கே சொல்வார்கள்.

70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. நல்ல காரியம். அந்த முதியவருக்குச் சோறு போடுகிற மருமகள் 36 வயதில் விழுந்தால் மட்டும் ஏன் இத்தனை காகிதம்? திருத்தணிக் கார்டு வைத்திருப்பவர் நகரியில் ரேஷன் அரிசி வாங்கலாம் என்று 'ஒரே நாடு ஒரே ரேஷன்' சொல்கிறது. அரிசி தாண்டி வருகிற எல்லையில் சிகிச்சை மட்டும் ஏன் நிற்கிறது?

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். கேரளம் 2017-ல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ஆவாஸ் திட்டம் கொண்டுவந்தது. அப்போது 15,000 ரூபாய்தான், சின்னத் தொகை. ஆனால் கேரளத்தில் வேலை செய்கிறாயா என்பதே அங்கே கேள்வியாக இருந்தது. தாய்லாந்து 2002-ல் இதைவிடப் பெரிதாகச் செய்தது. அரசு ஊழியர் திட்டத்திலும் தொழிலாளர் திட்டத்திலும் இல்லாத குடிமக்கள் எல்லோரும் மூன்றாவது திட்டத்தில் சேர்ந்தவர்களே என்று வைத்து, அவர்களை வசிக்கும் இடத்திலேயே பதிவு செய்தது. அங்கே விடுபட்டவரைத் தேடிச் சேர்ப்பது அரசின் வேலை. இங்கே தான் விடுபட்டதை நிரூபிக்க நோயாளி அலைகிறார்.

2025 அக்டோபரில் அரசிடமிருந்து நிலுவை வரவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்தியபோது, கார்டு இருந்தவர்களே வாசலில் நின்றார்கள். அந்தக் கடனைக் கொடுத்துத் தீருங்கள். ஆனால் அந்தக் கணக்கைக் காட்டி எங்களை இன்னும் காக்கவைக்காதீர்கள்.

2024 தேர்தலில் இந்தப் பெண் நகரியில் ஓட்டுப் போட்டார். வாக்காளர் பட்டியலில் ஏற அவருக்கு இன்டிபேரு தடையாக இல்லை. வீடு தேடி வந்து பூத் சிலிப் கொடுத்தார்கள். ஓட்டுக்கு ஆந்திராக்காரர், இதயத்துக்கு அயல் மாநிலத்தவர் என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்? அவர் சுற்றிய தாரில் நெய்த துணியை உடுத்தியவர்கள் இந்த மாநிலத்தில் எத்தனை ஆயிரம் பேர்? அவர் கை விழுந்ததற்கு நோய் மட்டும் காரணமல்ல. தடுக்கும் வழி தெரிந்திருந்தது, டாக்டர் இருந்தார், பலூன் இருந்தது, திட்டத்தில் அந்தச் சிகிச்சையும் இருந்தது. தடுத்தது உங்கள் துறையின் கம்ப்யூட்டர் திரை.

கேட்பது இதுதான். இந்த மாநிலத்தில் குடியிருந்து வேலை செய்கிறவர் என்று வார்டு சச்சிவாலயமோ வேலை கொடுத்தவரோ எழுதிக் கொடுத்தால் சிகிச்சையைத் தொடங்குங்கள். பெயர் சேர்ப்பதைப் பிறகு உங்கள் ஊழியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீக்கல் சான்றைத் தமிழ்நாட்டு அரசிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள். இரண்டு அரசுகளுக்கு இடையே கடிதம் சுமப்பது நோயாளியின் வேலை அல்ல. தறி ஷெட்டுக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் லாட்ஜுக்கும் ஆள் அனுப்பி, விட்டுப்போனவர்களை எழுதி எடுங்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். 'பெயர் இல்லை' என்ற காரணத்துக்காக உயிர் காக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உங்கள் கையெழுத்தோடு ஓர் உத்தரவு போடுங்கள். அந்தத் தெருவில் இன்னொரு பெண் இப்போது மூச்சு வாங்குகிறது என்கிறார். அவர் பெயரும் எந்தக் கார்டிலும் இல்லை. அவர் கை விழுவதற்குள் போடுங்கள்.

இப்படிக்கு,
நகரி விசைத்தறித் தெருக்களில் மனு எழுதுபவன்