யாரைச் சோதனை எலி என்கிறீர்கள்?

போன தை மாதம் ஒரு கண் பரிசோதனை முகாம். தொடங்கிவைக்க வந்த பிரமுகர் பத்து நிமிடம் பேசினார். முடிக்கும்போது, யாரும் கேட்காமலேயே ஓர் எச்சரிக்கையும் விட்டார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ஜாக்கிரதையா இருங்க. ஆராய்ச்சின்னு சொல்லிக் கையெழுத்து வாங்குவாங்க. வெளிநாட்டுக் கம்பெனிக்காக நம்ம ஜனங்களைச் சோதனை எலி ஆக்கிடுவாங்க." பலத்த கைதட்டல்.

அரை மணி நேரம் கழித்து என் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். வெளிச்சம் கூசியதால் முந்தானையால் வலது கண்ணை மறைத்துக்கொண்டே பேசினார். நான்கு மாதமாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டுக்கொண்டிருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி வட்டமாக இல்லை. பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கோணலாகக் கிடந்தது. யுவியைடிஸ். "மதுரைக்குப் போகணும்மா, சீட்டு எழுதித் தர்றேன்" என்றேன். "அங்க கையெழுத்துக் கேப்பாங்களா டாக்டர்?" என்றார். சில பரிசோதனைகளுக்குக் கேட்பார்கள் என்றேன். சீட்டை நான்காக மடித்து மேசை மேலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தக் கைதட்டலுக்கான விலையை அந்தப் பெண்ணின் கண் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் "சோதனை எலி" வசனத்தைக் கல்யாணப் பந்தியிலும் ரயில் பயணத்திலும் தொலைக்காட்சி விவாதத்திலும் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். இந்த நோய்க்கு வைத்தியமும் பார்த்துக்கொண்டு, அதைப் பற்றிய ஆய்விலும் வேலை செய்கிறவன் என்ற முறையில் இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

நோய் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளை விழிக்கு உட்புறம் கருமையான ஓர் உறை இருக்கிறது. திராட்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு யுவியா என்று பெயர் வந்தது. அதில் வரும் அழற்சிதான் யுவியைடிஸ். சிலருக்குக் கிருமியால் வரும். பலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் கண்ணைத் தாக்குவதால் வரும். கண்புரையைப் போல வயதானவர்களை மட்டும் தேடி வருவதில்லை. வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்களைப் பிடிக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் தணியும். அதே ஸ்டீராய்டை மாதக்கணக்கில் கொடுத்தால் புரை வரும், கண் அழுத்தம் ஏறும், சர்க்கரை கூடும், முகம் ஊதும், எலும்பு தேயும். எனவே ஸ்டீராய்டைக் குறைத்துவிட்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வேறொரு மாத்திரையைக் கொடுக்க வேண்டும். எந்த மாத்திரை? இந்தக் கேள்விக்குத்தான் எங்களுக்கு ஆய்வு தேவைப்படுகிறது.

"வெளிநாட்டுக் கம்பெனிக்காக" என்கிறார்கள். கம்பெனிப் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கண் மருத்துவத்தில் நடந்த பெரிய ஆய்வுகள் சிலவற்றை எடுத்துப் பாருங்கள். கதிர் அறுக்கும்போதும் களத்து வேலையிலும் கண்ணில் ஏதாவது பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருகிற விவசாயிகளுக்கு எது நல்ல மருந்து என்று அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2013இல் வெளியானது. ஒரு பக்கம் வோரிகோனசோல் என்ற புதிய மருந்து. மறுபக்கம் நாடமைசின் என்ற பழைய சொட்டு மருந்து. ஜெயித்தது பழையது. கம்பெனிக்காக நடந்த ஆய்வா இது?

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். கடந்த காலத்தில் இந்த நாட்டில் தவறுகள் நடந்தன. உச்ச நீதிமன்றம் வரை போய் விதிகள் இறுகின. 2009இலிருந்து இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருந்து ஆய்வும் சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். 2019 விதிகளின்படி ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தம் இல்லாத ஒருவர் பக்கத்தில் சாட்சியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் அறையில் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வரி வரியாக வாசித்துச் சொல்ல முக்கால் மணி நேரம்கூட ஆகும். "எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகலாம், அதுக்காக வைத்தியத்தை நிறுத்த மாட்டோம்" என்ற வரியை இரண்டு தடவை வாசிப்போம். வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போய்த் திரும்பி வராதவர்கள் உண்டு. அவர்களுக்கும் வைத்தியம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

என்னை மிகவும் கோபப்படுத்துவது அடுத்த வாதம். "சீட்டுக் குலுக்கிப் போட்டு மருந்து கொடுக்கிறார்கள், எது நல்லதென்று டாக்டருக்கே தெரியவில்லை" என்பது.

ஆமாம், தெரியவில்லை. எங்களுக்கு மட்டுமா தெரியவில்லை? உலகத்துக்கே தெரியவில்லை. யுவியைடிஸுக்கு ஸ்டீராய்டைக் குறைக்க மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் என்று இரண்டு மாத்திரைகள் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருந்தன. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் போடுவது, விலை குறைவு. மைக்கோஃபினோலேட் தினமும் இரண்டு வேளை, விலை அதிகம். விலை அதிகமானதுதான் மேல் என்று பல நிபுணர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வைத்து எத்தனை பேருடைய வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும்!

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத்தான் ஃபாஸ்ட் என்ற ஆய்வு நடந்தது. இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவூதி அரேபியா, மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகளில் ஒன்பது மருத்துவமனைகள், 216 நோயாளிகள். "நம்ம ஜனங்களை" மட்டும் எலியாக்கினார்கள் என்பவர்கள் இந்த நாடுகளின் பெயரை இன்னொரு முறை படிக்க வேண்டும். 2019இல் முடிவு வெளியானபோது கட்டுரையில் முதல் பெயராக இருந்தது மதுரை அரவிந்தின் டாக்டர் எஸ்.ஆர். ரத்தினத்தின் பெயர். நான் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் அதன் பலனைத் தினமும் என் நோயாளிகளுக்குக் கொடுக்கிறேன்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 66.7 பேருக்கும் மைக்கோஃபினோலேட் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 57.1 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் பெரிதல்ல. அதாவது, விலை உயர்ந்த மருந்து மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண்ணின் பின்பகுதியிலோ கண் முழுவதுமோ அழற்சி இருந்தவர்களை மட்டும் தனியாக எடுத்தால் மெத்தோட்ரெக்சேட் பக்கம் 74.4, மறுபக்கம் 55.3. குறிப்பிட்ட காலத்தில் நோய் அடங்காதவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. அடுத்த மருந்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

"அடங்கியது" என்றால் டாக்டர் வாய்க்கு வந்ததைச் சொல்வதில்லை. ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் சாய்வாக அனுப்புவோம். ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதக்குமே, அப்படி வெள்ளணுக்கள் மிதக்கும். அறையை இருட்டாக்கி அவற்றை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஆறிலிருந்து பதினைந்து வரை இருந்தால் ஒரு பிளஸ். பதினாறிலிருந்து இருபத்தைந்து வரை இரண்டு பிளஸ். ஐம்பதைத் தாண்டினால் நான்கு. ஃபாஸ்ட் ஆய்வில் கண்ணைப் பரிசோதித்து எண்ணியவருக்கு, அந்த நோயாளி எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது. தினமும் சாப்பிடும் ஸ்டீராய்டு 7.5 மில்லிகிராமுக்கு மேல் போயிருந்தால், கண் தெளிவாக இருந்தாலும் வெற்றிக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆய்வுக்கு வெளியே என்ன நடக்கிறது? ஒரு டாக்டர் அனுபவத்தை வைத்து ஒரு மாத்திரை எழுதுகிறார். அடுத்த ஊர் டாக்டர் வேறொன்று எழுதுகிறார். நோயாளி மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்க்கிறார். கேட்கவில்லை என்றால் இன்னோர் ஆஸ்பத்திரி. "கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று சீட்டில் எழுதியிருக்கும். எவ்வளவு குறைந்தது என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இதுவும் சோதனைதான். ஒப்புதல் படிவம் இல்லாத, எத்திக்ஸ் கமிட்டி பார்க்காத, பாதிப்பு வந்தால் இழப்பீடு இல்லாத, முடிவை யாரும் எழுதி வைக்காத சோதனை. வாரம் ஒரு நாள் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை, யாரும் விளக்கிச் சொல்லாததால் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆய்விலும் சேராதவர் அவர். ஆய்வில் இருந்திருந்தால் மாத்திரையை எண்ணிக் கொடுத்து, எந்தக் கிழமை என்று எழுதிக் கொடுத்து, ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள். அவரைப் பற்றி மேடையில் பேச ஒருவரும் இல்லை.

ஆராய்ச்சி செய்கிறவர் நோயாளியைக் கவனிக்க மாட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. 1993 மழை வெள்ளத்துக்குப் பிறகு மதுரையில் யுவியைடிஸ் நோயாளிகள் திடீரெனக் கூட்டமாக வந்தார்கள். வரிசையில் வந்தவர்களைக் கவனித்துப் பார்த்து, எலி மூத்திரம் கலந்த வெள்ள நீரால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்து, 1997இல் உலகுக்குச் சொன்னது டாக்டர் ரத்தினமும் அவரோடு வேலை செய்தவர்களும்தான். குளத்திலும் ஆற்றிலும் குளிக்கிற கிராமத்துப் பிள்ளைகளின் கண்ணில் வரும் ஒருவகைக் கட்டிக்கு நத்தை வழியாக வரும் புழுவே காரணம் என்று சொன்னதும் அவர்களுடைய மதுரை அரவிந்த் மருத்துவமனைதான். நோயாளியைக் கவனிக்காதவர்களால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

உங்களிடமோ உங்கள் அம்மாவிடமோ நாளை ஒருவர் ஒப்புதல் படிவத்தை நீட்டலாம். பயந்து எழுந்து போய்விடாதீர்கள். இந்த மருந்து எனக்குக் கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள், பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு, சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன என்று மூன்று கேள்வி கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த முகாம் நடந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வலது கண்ணை முந்தானையால் மறைத்துக்கொண்டு நடக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தால், தயவுசெய்து மதுரைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். சீட்டு என்னிடம் இருக்கிறது.