காவற்காரனைக் கோபிக்கலாமா?

நமது தெருவில் காய்கறி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. இருபத்தைந்து வயதைக் கடந்த கிழ வண்டி. சென்ற மாதம் அதன் பின்விளக்குகளுக்கு ஒரு விசித்திர வியாதி கண்டது. வாசலில் நிற்கையில் நன்றாய் எரியும். சந்தைக்குப் புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும் அணைந்துவிடும். பார்த்தால் பியூஸ் போயிருக்கும். ஒரே வாரத்தில் நான்கு பியூஸ்கள்!

ஐந்தாம் முறை, நண்பர் பச்சை நிறப் பியூஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். "சிவப்புப் பியூஸ் வெறும் 10 ஆம்பியர், ஸார், அதற்குப் பலம் போதவில்லை. இது 30 ஆம்பியர். இனிமேல் போகவே போகாது!" என்றார் பெருமையுடன். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிரவு அவருடைய மகனும் அந்த வண்டியில் செல்வதாக இருந்தான்.

உடனே கணக்குப் போட்டுக் காட்டினோம். அந்தப் பியூஸைச் சார்ந்தவை 5 வாட் பல்புகள் ஐந்து. ஆக 25 வாட். பாட்டரியோ 12 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால், 2 ஆம்பியருக்குச் சற்றே அதிகம். ஆகவே 10 ஆம்பியர் தாராளமாய்ப் போதும். பியூஸ் பலவீனமானதன்று, எங்கோ மின்சாரம் குறுக்கு வழியில் ஓடுகிறது. பியூஸ் காப்பது விளக்கை அன்று, கம்பியை. 30 ஆம்பியரைப் போட்டால் பியூஸ் உருகாது. அதற்குப் பதிலாக மெல்லிய கம்பி பழுக்கக் காயும், மேலுறை உருகும், வண்டியே தீப்பற்றவும் கூடும். ஈயக் காகிதம் சுற்றி வைப்பதும் இதே அபாயந்தான்.

நிற்கையில் எரிவது ஓடுகையில் அணைவானேன்? குலுங்கும் இடத்தில்தான் குற்றம் இருக்க வேண்டும். பியூஸை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இரு கம்பிகளால் இணைத்து, விளக்கைப் போட்டோம். பல்பு மங்கலாக எரிந்தது. பிறகு கம்பிக் கற்றையை முன்னிருந்து பின்னாக ஒவ்வோரிடமாய் அசைத்தோம். பின்சக்கரத்துக்கு மேல் அசைத்தபோது பல்பு பளிச்சென்று பிரகாசித்தது! அங்கே இரும்புச் சட்டத்தின் துவாரத்தில் இருந்த ரப்பர் வளையம் மக்கி உதிர்ந்துபோயிருந்தது. கம்பியின் மேலுறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பாட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, தேய்ந்த பகுதிக்குப் புதிய கம்பி போட்டு, ரப்பர் வளையமும் பொருத்தினோம். செலவு சொற்பம். பழையபடி சிவப்புப் பியூஸையே வைத்தோம். இன்றுவரை அது போகவில்லை.

திருடன் வந்திருக்கிறான் என்று காவற்காரன் நான்கு முறை கூவினான். நண்பரோ அவன் வாயை அடைக்கப் பார்த்தார்! வகுப்பில் ஒரே கணக்கில் திரும்பத் திரும்பத் தவறும் பையன்மீது நாமும் சில சமயம் சீறி விழுந்திருக்கிறோம். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று இனிப் பொறுமையாகத் தேடுவதாக உத்தேசம்.