கோடு போட்டது யார்?

போன வருஷம் பிரிட்டனில், புனித கத்பர்ட் என்ற துறவியின் பெயரில் உள்ள 100 கி.மீ. பாதையில், மெல்ரோஸிலிருந்து லிண்டிஸ்பார்ன் தீவு வரை மகளோடு பாதயாத்திரை போனேன். கடைசி நாள், கடல் வற்றும் நேரம் பார்த்து, நட்டு வைத்திருக்கும் கம்பங்களை அடையாளமாக வைத்து, வெறுங்காலோடு சேற்றில் நடந்தோம்.

பிறகு, அவர் கல்லறை உள்ள டர்ஹாம் பேராலயம் போனோம். தரையில் ஒரு கறுப்புக் கல் கோடு. துறவிகள் இருந்த காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாதாம்; கத்பர்ட்டுக்குப் பெண்களே ஆகாதாம்! மகள் விறுவிறுன்னு தாண்டிட்டா. எனக்குத்தான் மனசு ஆறலை.

அவரோ, கன்னியர் மடத் தலைவிகளிடம் நட்பு பாராட்டியவர். அவர்களில் ஒருவர் தந்த துணியில்தான் தன் உடலைச் சுற்றச் சொன்னார். அவர் இறந்தது 687-ல். அந்தப் பேராலயம் கட்டத் தொடங்கியதே 1093-ல். கோடு போட்டது பின்னால் வந்தவர்கள். பழி மட்டும் அவர் மேல்!

சகோதரிகளே, பெரியவர்கள் பேரைச் சொல்லி யாராவது நம்மைத் தடுத்தால், 'அவரே சொன்னாரா?' என்று ஒரு வார்த்தை கேட்போமே!

- ஒரு வாசகி, திருநெல்வேலி.