வணக்கம் மட்டும் போதுமா?

சென்ற மாதம் சிற்றுண்டிச்சாலையில், "பட்டம் பெற்றபின் நான் பள்ளி ஆசிரியனாகப் போகிறேன்" என்றேன். உடனிருந்த நண்பர்களுள் ஒருவர் சிரித்தார். மற்றொருவரோ, "வேறு வேலையே கிடைக்காதா?" என்று பரிவோடு கேட்டார். சிரிப்பைப் பொறுத்துக் கொண்டேன். அந்தப் பரிவைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் தமக்கையார் தாராவியில் ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியை. எம்.ஏ., பி.எட். படித்தவர். மாதந்தோறும் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்திடுகிறார். கையில் வாங்கி வருவதோ அதில் பாதிக்குச் சற்று மேல். பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்தப் பாதியும் போய்விடும். தனியார் பள்ளி ஊழியரின் ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் வரையறுக்க மராட்டிய மாநிலம் 1977ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அக்கா மாலைதோறும் மாதுங்காவுக்குப் போய்த் தனிப்பாடம் சொல்லித் தருகிறார்.

அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் நிலையான பதவி பெற்றவர்களுக்கு ஏழாவது ஊதியக் குழுவின் அளவில் சம்பளம் உண்டு. அதைக் குறைவென்று கூறினால் நான் பொய்யனாவேன். ஆனால் அந்தப் பதவிக்குப் போகும் வழி எது? 2000ஆம் ஆண்டில் இம்மாநில அரசு 'சிக்ஷண் சேவக்' திட்டத்தைக் கொண்டுவந்தது. புதிதாய்ச் சேர்பவர் மூன்றாண்டுக் காலம் 'சேவகர்'. அவர் பெறுவது ஊதியமன்று, மதிப்பூதியமாம்! 2022 முடியும்வரை தொடக்கப்பள்ளிச் சேவகருக்கு மாதம் 6,000 ரூபாய். 2023 சனவரியிலிருந்து 16,000. உயர்வு உயர்வுதான், மறுக்கவில்லை. ஆயினும் செம்பூரில் ஓர் அறையை வாடகைக்குக் கேட்டுப் பார்த்த மாணவ நண்பர்கள் மீதிக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்வர்.

சேவை என்று பெயர் சூட்டிவிட்டால், கூலி கேட்பவன் பேராசைக்காரனாகி விடுகிறான். வழக்கு மன்றத்திலும் இதுவே நடந்தது. கோவாவில் வேலையிழந்த சுந்தராம்பாள் என்னும் ஆசிரியை தொழில் தகராறுச் சட்டத்தின் துணையை நாடினார். கற்பித்தல் உயரிய தொண்டு; ஆகவே ஆசிரியர் அச்சட்டம் கூறும் தொழிலாளர் ஆகார் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாராவித் தோல் பதனிடும் கூடத்தில் உழைத்தவருக்குச் சட்டம் தந்த உரிமை, அவர் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவருக்கு இல்லை! 2004இல் பணிக்கொடைச் சட்டத்திலும் ஆசிரியர்க்கு இடமில்லை என்றாயிற்று. நாடாளுமன்றம் 2009இல் அதைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதலே செல்லும்படி செய்தது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் அத்திருத்தத்தையும் எதிர்த்து வழக்காடி 2022இல் தோற்றன. முதுமையில் கைக்கு வரும் சிறு தொகைக்கு இத்தனை ஆண்டு!

தேர்தல் வந்தால் ஆசிரியரைக் கூப்பிடு. மக்கள்தொகை எடுக்க வேண்டுமா, ஆசிரியரைக் கூப்பிடு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே இவற்றுக்கு இடந்தருகிறது. வேலை வாங்கும்போது தொண்டு என்ற பேச்சே எழுவதில்லை.

சேர்ந்த முதல் நாளிலிருந்தே முழு ஊதியம் கொடுங்கள். பதிவேட்டில் உள்ள தொகையைக் கையில் கொடுங்கள். இதைக் கேட்பதற்கு நாணம் எதற்கு? ஆசிரியர் தினத்தன்று நாம் கொடுக்கும் ரோசாப்பூவை அரிசிக்கடைக்காரர் வாங்கிக் கொள்வதில்லை.

என் பி.எட். விண்ணப்பம் நிரப்பப்பட்டு மேசைமேல் கிடக்கிறது. கட்டணத்தைத் தான் தருவதாகச் சொன்ன அக்கா, இரண்டு வாரமாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.