பட்டை நோயாளியின் கையில். தகவல் யார் கையில்?

அரசு மருத்துவமனைகளின் கேஸ் ஷீட்டில் அடிக்கடி ஒரு சொல் தென்படும்: ‘அப்ஸ்காண்டட்’. ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் கட்டிலில் ஆள் இருக்க மாட்டார். பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டால் தெரியாது என்பார். ஸ்டாஃப் நர்ஸ் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நேரத்தைக் குறித்து, அந்தச் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போடுவார். தலைமறைவான குற்றவாளியைப் பற்றி நீதிமன்றத்தில் பேசும்போது வரும் அதே சொல்தான். போனவர் களையெடுப்புக் கூலி போய்விடுமே என்று உசிலம்பட்டிக்குக் கடைசி பஸ் பிடித்திருக்கலாம். ஆபரேஷனுக்குப் பயந்து நழுவியிருக்கலாம். டீ குடிக்க இறங்கிய இடத்தில் மயங்கிக் கிடக்கலாம். எக்ஸ்ரே அறை வாசலில், எப்போது பெயர் கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். இத்தனை பேரையும் அந்த ஒரு சொல் ஒரே ஆளாக்கிவிடுகிறது.

நோயாளியின் கையிலோ காலிலோ ஒரு மின்னணு டேக் கட்டிவிட்டால் அவர் எங்கே இருக்கிறார் என்பது திரையில் தெரிந்துவிடும் என்கிறது புதிய தொழில்நுட்பம். வேண்டாம் என்று தள்ளிவிடக்கூடிய யோசனை அல்ல இது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையையே எடுத்துக்கொள்வோம். எர்ஸ்கின் மருத்துவமனை என்று முதியவர்கள் இன்றும் சொல்லும் இடம். திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களின் கடைசி நம்பிக்கை. சாலைக்கு இந்தப் பக்கம் பழைய கட்டிடங்கள், அந்தப் பக்கம் அண்ணா பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறப்புப் பிரிவுகள், போதாததற்கு ஜப்பானிய நிதியில் எழுந்து 2024இல் திறக்கப்பட்ட டவர் பிளாக். ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளி ஒரே நாளில் மூன்று கட்டிடங்களைப் பார்த்துவிடக்கூடிய வளாகம் அது.

இவ்வளவு காலமும் இப்படிப்பட்ட இடங்களில் நோயாளி தொலைந்துபோகாமல் பார்த்துக்கொண்டது யார்? கூட இருக்கும் சொந்தக்காரர்தான். ஸ்ட்ரெச்சருக்குக் கை கொடுப்பது, ரத்த மாதிரியை லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது, ‘இவரு ஆறாவது வார்டுங்க’ என்று எல்லோரிடமும் சொல்வது எல்லாம் அக்காவோ மருமகனோதான். சம்பளம் இல்லாத, பேட்டரி தீராத டேக் அவர்கள். ஆகவே நம் ஊரில் உண்மையில் காணாமல் போகிறவர் யார் என்றால், கூட ஆளில்லாமல் வந்தவர். நான்குவழிச் சாலையில் அடிபட்டு, பெயர் தெரியாமல் 108இல் வந்து இறங்குபவர். பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன முதியவர். மறதி நோயால் தன் தெருவின் பெயரே நினைவில்லாதவர். டேக் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் இவர்களை நினைக்க வேண்டும். நடைமுறையில் யோசனை தொடங்குவதோ வாசல் காவலில் இருந்துதான்.

தொழில்நுட்பம் ஒன்றும் நமக்குப் புதிதில்லை. கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடக்கும் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. மேலே இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். சுங்கச்சாவடியில் இது வேலை செய்யக் காரணம், கார் ஒரு தடத்தில் ஒழுங்காக வந்து ரீடருக்குக் கீழே நிற்கிறது. மருத்துவமனையில் அப்படி ஒரு தடம் ஏது? அலையை மனித உடம்பில் இருக்கும் நீர் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புக் கட்டில் திருப்பி அடிக்கிறது. நோயாளி கையைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்தாலே சில ரீடர்களுக்கு அவர் இல்லாதவராகிவிடுவார். கட்டிலுக்குக் கட்டில் நடுவே பாய் விரித்து ஆள் படுத்திருக்கும் வார்டில் கணக்கு இன்னும் தடுமாறும்.

பேட்டரி வைத்த டேக் சில நொடிகளுக்கு ஒருமுறை தானாகவே ‘இங்கிருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கும். கூரையில் உள்ள ரீடர்கள் அந்தக் குரலின் வலுவை வைத்து இடத்தை ஊகிக்கும். ஊகம்தான், சில மீட்டர் தவறலாம், சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று குழம்பலாம். 1990களின் தொடக்கத்திலேயே கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தினர் அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் வில்லையைச் சட்டையில் மாட்டிக்கொண்டு யார் எந்த அறையில் என்று பார்த்தார்கள். அந்தக் கதிர் சுவரைத் தாண்டாது என்பதால் அறை துல்லியமாகத் தெரிந்தது. போர்வை மூடினால் அதுவும் போச்சு.

ஆபத்தான ஒரு விஷயமும் உண்டு, கொள்முதல் பேச்சில் இது அடிபட வேண்டும். 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நோயாளி யாரும் இணைக்கப்படாத 41 மருத்துவக் கருவிகளின் அருகே இத்தகைய ரேடியோ டேக் அமைப்புகளை இயக்கிப் பார்த்தபோது, 123 சோதனைகளில் 34 முறை கருவிகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 22 நோயாளிக்கு ஆபத்தான வகை. வென்டிலேட்டர் அணைந்தது, மருந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் நின்றது. அவர்கள் சோதித்த இரண்டு வகையில் கூடுதலாகத் தொல்லை தந்தது 868 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. நம் ஃபாஸ்டேக் இயங்கும் 865-867 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்து வீடு. ரீடர் எவ்வளவு அருகில் இருக்கிறது, எவ்வளவு வலுவாக அலை விடுகிறது என்பதைப் பொறுத்தது இது. கருவிகளும் அதற்குப் பின் மாறியிருக்கின்றன. ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ரீடர் மாட்டுவதற்கு முன், அங்கே இருக்கும் அதே கருவிகளை வைத்துச் சோதிக்காமல் எந்த டெண்டரையும் முடிக்கக் கூடாது.

பிறந்த குழந்தை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. குழந்தையால் பெயர் சொல்ல முடியாது, அம்மாவை அடையாளம் காட்ட முடியாது. தமிழ்நாட்டின் அரசு மகப்பேறு வார்டுகளில் தாயின் கையிலும் சேயின் காலிலும் இணை டேக் கட்டும் முறை சில இடங்களில் வந்ததற்குக் காரணம், குழந்தைத் திருட்டுகள் தந்த வலிதான். மருத்துவமனையில் இருந்து பச்சிளங்குழந்தை கடத்தப்பட்டால் முதல் வேலையாக அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவையுங்கள் என்று 2025 ஏப்ரல் 15 அன்று நீதிபதிகள் பர்திவாலா, ஆர்.மகாதேவன் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு கடுமையாகவே சொன்னது.

ஆனால் டேக் கட்டியதோடு காவல் முடிந்துவிடவில்லை என்பதைக் குழந்தையின் கால்தான் முதலில் சொல்லும். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை குறையும்; இது இயல்பு. நேற்று இறுக்கமாக இருந்த பட்டை இன்று நழுவும். குளிப்பாட்டும்போது கழற்றி ஓரமாக வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் வாசலில் அலாரம் அடிக்கும். பத்தாவது முறை காவலாளி நிமிர்ந்து பார்க்க மாட்டார், இருபதாவது முறை ஒலியைக் குறைத்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2009 தொடங்கி மூன்றரை ஆண்டுகளில் அலாரம் தொடர்பாகத் தன்னிடம் பதிவான 98 நிகழ்வுகளில் 80 பேர் இறந்ததாக 2013இல் எச்சரித்தது. ஓயாமல் அடித்த மணிகள் பழகிப்போய்க் காது மரத்துப்போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பணமும் ஆளும் நிறைந்த இடங்களிலேயே இந்த நிலை. நம் வார்டில் இரவு ஷிஃப்டுக்கு இருக்கும் நர்ஸ்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

சிங்கப்பூரில் 2003இல் சார்ஸ் பரவியபோது அலெக்சாண்ட்ரா மருத்துவமனை அவசரப் பிரிவுக்குள் நுழைந்த எல்லோர் கழுத்திலும் ஒரு ரேடியோ அட்டையைத் தொங்கவிட்டார்கள். நோயாளிக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கும் பார்வையாளருக்கும். யார் யாருக்கு அருகில் இருந்தார் என்ற பதிவை 21 நாட்கள் வைத்திருந்தார்கள். யாருக்காவது நோய் உறுதியானால், அவரோடு இருந்தவர்களை உடனே அழைக்க முடிந்தது. நான் இதில் மெச்சுவது கருவியை அல்ல. எதற்காகக் கேட்கிறோம், யாரிடம் போகும், எத்தனை நாள் வைத்திருப்போம் என்ற மூன்றுக்கும் அவர்களிடம் பதில் இருந்தது. டாக்டரும் அதே அட்டையை அணிந்ததால் நோயாளி தன்னைக் கைதியாக உணர்ந்திருக்கவும் மாட்டார்.

கைதி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். மதுரையில் இருந்து இந்த விஷயத்தைப் பேசும் எவரும் ஏர்வாடியைத் தாண்டிப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஒரு அடிகூட நகராத துல்லியம். இருப்பிடம் தெரிவதும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதை நம் மண் அப்படித்தான் கற்றது.

அந்தத் தீயின் நினைவு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் இருக்கிறது. மனநோயாளியை எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது அது. தானே விரும்பி வந்து சேர்ந்தவர், சட்டம் சொல்லும் சில நிலைமைகள் தவிர, கேட்டால் வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால் வாசலை நெருங்கியதும் மணியடித்து, காவலாளி வந்து தோளைப் பிடித்துத் திருப்பும் டேக் என்ன வடிவம்? அவர் போக விரும்புகிறார் என்ற செய்தி மருத்துவரிடமும் குடும்பத்திடமும் போய், யாராவது வந்து உட்கார்ந்து பேசினால் அது கவனிப்பு. செய்தி கதவைப் பூட்டுகிறவரிடம் மட்டும் போனால் அது சங்கிலிதான், எடை குறைந்த சங்கிலி. பட்டை ஒன்றுதான், மணி எங்கே ஒலிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பயந்தும் கூலிக்காகவும் கிளம்பிப் போனவரையும் இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். டேக் அவரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போகுமுன் பிடித்துக் கொடுக்கலாம். ஏன் போனார் என்பதை அது சொல்லாது. வீட்டில் பால் கறக்க ஆளில்லை என்பதையோ, ஆபரேஷனைப் பற்றி அவருக்குப் புரியும் தமிழில் யாரும் சொல்லவில்லை என்பதையோ எந்த ரீடரும் படிக்காது. பொது வார்டில் எல்லோருக்கும் டேக் என்ற திட்டத்தை இதனால்தான் நான் ஏற்கவில்லை. அந்தப் பணத்துக்கு வார்டுக்கு ஒரு ஆலோசகரைப் போடலாம்.

எல்லாவற்றுக்கும் ரேடியோ வேண்டும் என்பதும் இல்லை. சபரிமலைக்குப் போகும் மதுரைக்காரர்களுக்குத் தெரியும், பம்பையில் போலீஸார் குழந்தையின் கையில் ஒரு பட்டை கட்டி, பெயரையும் பெற்றோரின் போன் நம்பரையும் பேனாவால் எழுதிவிடுவார்கள். தொலைந்த குழந்தையை யார் கண்டாலும் ஒரு போன் போதும். மறதி நோயாளி வாசலைத் தாண்டித் தல்லாகுளம் பக்கம் நடந்துவிட்டால், கூரை ரீடரின் எல்லை முடிந்துவிடும். அங்கே பயன்படப்போவது வார்டு நம்பரும் போன் நம்பரும் அழியாத மையில் எழுதிய சாதாரண பிளாஸ்டிக் பட்டைதான். அதைத்தான் முதல் நாளிலேயே எல்லோருக்கும் கட்டிவிட வேண்டும். ரேடியோ டேக்கைப் பிறந்த குழந்தைக்கும் தாய்க்கும், மறதி நோயாளிக்கும், விபத்தில் பெயரில்லாமல் வருபவருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவர் நடமாடிய பதிவு அழிய வேண்டும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு இதில் விலக்கு தந்தாலும், பொதுவிதியாக வேலை முடிந்த தரவை வைத்திருக்காதே என்றுதான் சொல்கிறது.

டெண்டர் ஆவணத்தில் நான் பார்க்க விரும்பும் வரி ஒன்று உண்டு. டேக்கின் தகவல் கட்டுப்பாட்டு அறைத் திரைக்குப் போகும் அதே நொடியில் குடும்பத்துக்கும் போக வேண்டும் என்ற வரி. வெளியே வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருப்பவர்களுக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்பது இன்று காவலாளி மனம் வைத்தால்தான் தெரிகிறது. 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் அரசு மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு, உடனிருப்போரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற பேச்சு வலுத்தது. அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. உடனிருப்போருக்கு என்ன சொல்லப் போகிறோம் என்ற பேச்சு அதன் பக்கத்தில் எழவில்லை. அவர்களில் பலரிடம் இருப்பது பட்டன் போன். குறுஞ்செய்தியைப் படிக்க முடியாதவர்களும் உண்டு. எனவே குரல் அழைப்பாகவே இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு வராந்தாவில் பாயில் படுத்திருக்கும் ஒரு அம்மாவின் போன் அடிக்க வேண்டும். ‘உங்க மகனுக்கு ஸ்கேன் முடிஞ்சது, இப்ப எதிர்க் கட்டிடத்துல ரெண்டாவது மாடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அங்க வாங்க’ என்று அவருக்குப் புரியும் தமிழில் ஒரு குரல் சொல்ல வேண்டும்.