காண்பன, அறிவன

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போன யாரும் இதைப் பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. சுடர் சுருங்கி அணையும். தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். யூனிஃபார்ம் போட்ட ஒரு குழந்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்: “காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். மெழுகுவர்த்தி அதை எரித்துத் தீர்த்துவிட்டது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது.” கைதட்டல். அடுத்த மேசையில் எரிமலை.

முதல் வாக்கியம் சரி. மற்ற இரண்டும் பொய். ‘தவறு’ என்று மென்மையாகச் சொல்லலாம்தான். ஆனால் சோதனையே எதிர்சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போது, அதன் வாயைப் பொத்திவிட்டுச் சொல்வதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நிதானமாகப் பாருங்கள். ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணீர் ஏறுகிறது என்றால், சுடர் எரியும் நேரம் முழுக்க அது சீராக ஏற வேண்டும். ஏறுவதில்லை. எரியும்போது கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. சில சமயம் டம்ளர் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியே போவதுகூடத் தெரியும். சுடர் மங்கி அணைகிற கட்டத்தில்தான் விறுவிறுவென்று ஏறுகிறது. அடுத்து, ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வையுங்கள். டம்ளர் அதேதான், உள்ளே இருக்கிற ஆக்சிஜனும் அதேதான். தண்ணீர் மட்டும் இன்னும் உயரமாக ஏறும். அப்போ அந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கே போச்சு?

நடப்பது வேறு. டம்ளரைக் கவிழ்க்கும்போதே நாம் சூடான, விரிந்த காற்றைச் சிறைபிடிக்கிறோம். சூட்டில் கொஞ்சம் காற்று வெளியேயும் தப்பிக்கிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கிற வளிமண்டலம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்தி என்றால் சூடு அதிகம், சுருக்கமும் அதிகம். அவ்வளவுதான்.

ஆக்சிஜன் கணக்கையும் போட்டுவிடலாம். காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். மூடிய டம்ளருக்குள் மெழுகுவர்த்தி அதை முழுக்கத் தின்பதில்லை. சுமார் 16 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே அணைந்துவிடும். செலவானது 5 பங்கு. மெழுகு எரிந்தால் ஒவ்வொரு மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் ஏறத்தாழ இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு பிறக்கிறது. அதாவது 3 பங்குக்கு மேல் திரும்ப வந்துவிட்டது. கூடவே உண்டாகிற நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும், அதை விடுங்கள். நிகர நஷ்டம் 2 பங்குகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு 20 சதவீதத்தை எப்படி நிரப்புவது?

“சின்னப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு போதும் சார்” என்பார்கள். போதாது என்று நான் சொல்லவில்லை. பூமி உருண்டை என்று சொல்வது எளிமைப்படுத்தல். துருவத்தில் கொஞ்சம் தட்டை என்பதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், முதலில் சொன்னது இடிந்துவிழாது. இங்கே அப்படியில்லை, அடித்தளத்தையே பெயர்க்க வேண்டும். விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள் என்பதும் இதே ஜாதிதான். 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம்.

பைசாண்டியத்தைச் சேர்ந்த ஃபைலோ, இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாலேயே இந்த மெழுகுவர்த்திச் சோதனையைப் பதிவு செய்திருக்கிறார். தீ காற்றை அழித்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டதற்கு மன்னிப்பு உண்டு. ஆக்சிஜன் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. நமக்கு என்ன சாக்கு? 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக ஒரு சொற்பொழிவு வரிசையைத் தொடங்கினார். மொத்தம் ஆறு சொற்பொழிவு, எல்லாமே மெழுகுவர்த்தியை வைத்து. நாம் அதே மெழுகுவர்த்திக்கு மூன்று வாக்கியம் ஒதுக்குகிறோம், அதிலும் இரண்டு தேறவில்லை.

எனக்குக் கோபம் ஆக்சிஜன் மீதல்ல, ரெக்கார்டு நோட்டு மீது. வேதியியல் பிராக்டிகல் எழுதியவர்களுக்கு அந்தக் கட்டங்கள் நினைவிருக்கும்: செய்முறை, காண்பன, அறிவன. எவ்வளவு அழகான சொற்கள்! முதலில் கண்ணால் காண், பிறகு அறி. நம் வகுப்பறையில் ‘அறிவன’ முதல் நாளே போர்டில் எழுதப்பட்டுவிடுகிறது; ‘காண்பன’ அதற்கேற்ப வளைக்கப்படுகிறது. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, “மிஸ், தீ அணைஞ்ச அப்புறம்தானே தண்ணி ஏறுது?” என்று கேட்டால், அந்த அறையிலேயே சோதனையைச் செய்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குக் கிடைக்கிற பதில், “புக்ல என்ன இருக்கோ அதை எழுது.” அவளும் எழுதுவாள், மார்க் வரும். தன் கண்ணை நம்பினால் நஷ்டம் என்று பத்து வயதிலேயே தெரிந்துகொள்வாள்.

ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே காட்ட வழி இருக்கிறது. இரும்புக் கம்பிநாரை வினிகரில் அலசி டம்ளரின் அடியில் திணித்து, டம்ளரைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனைப் பிடித்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. பதிலுக்கு எந்த வாயுவையும் விடுவதில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஸ்கேல் வைத்து அளந்தால், தண்ணீர் டம்ளர் உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வந்து நின்றிருக்கும். சுடர் இல்லை, 40 நிமிஷ பீரியடுக்குள் முடியாது, தலைமை விருந்தினர் அதுவரை காத்திருக்கவும் மாட்டார். செய்து பார்ப்பவர்கள் பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் நாரை வாங்கிவிடாதீர்கள். அது துருப்பிடிக்காது.